மங்கம்மா அக்கா கட்டிய டிரான்சிஸ்டர் டப்பா

எங்கள் இசைக்குழுவையும் இந்தக் கூட்டத்தையும் ஒருசேர நடத்தும் தலைவர் பாண்டுரங்கன் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! நடவு முடிந்து, கால் சேற்றைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! உங்கள் கிதார் தானியேலின் வணக்கம்.

இன்று நாம் யாரை இழந்து நிற்கிறோம்? உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்யாணமா, கூத்தா, கட்சிக் கூட்டமா, எதுவானாலும் மைக் செட் கட்டிய மங்கம்மா அம்மையாரை! 'ஒலியரசி' என்று பட்டம் கொடுத்து நாம் பொன்னாடை போர்த்தியபோது, "அரசி கெடக்கட்டும், ஒயர மிதிக்காம தள்ளி நில்லுங்கடா" என்று மேடையிலேயே அதட்டினாரே, அந்த மங்கம்மா அக்காவை!

கரும்பு ஆலை உருளையில் என் வலக்கை அகப்பட்டது உங்களுக்குத் தெரியும். விரல்கள் பிழைத்தன, வலு பிழைக்கவில்லை. கம்பியை அழுத்தி மீட்ட முடியாது, தடவத்தான் முடியும். அரிவாள் பிடிக்க முடியாதவனை அறுப்புக்கு யார் கூப்பிடுவார்கள்? எனக்கும் என் மனைவி அம்முலுவுக்கும் கிதார் ஒன்றுதான் சோறு. அந்தச் சோற்றுக்கும் ஆபத்து வந்தது. டோலக்கும் ஆர்மோனியமும் கிளம்பினால் என் கிதார் எனக்கே கேட்காது. மைக்கைக் கிட்டே வைத்துச் சத்தத்தைக் கூட்டினாலோ, ஒலிபெருக்கிக் குழாய் ஊளையிடும்.

தாமல் திருவிழாவுக்கு முன்னால் நம் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "தானியேலு, மனசுல வெச்சுக்காத. தாமலுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன்" என்றார். முறைக்காதீர்கள் தலைவரே, நடந்ததைத்தானே சொல்கிறேன்!

அந்தப் பக்கம் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "அவன் கை மெதுவா வாசிக்குதுன்னா, அத்தப் பெருசாக்கறது என் வேல. தாமல்ல அவன்தான் குந்துவான். மீறி வேற ஆள இட்டுக்கினு போனீங்க, என் கொழா வராது!" என்றார். நான் அவரிடம் உதவி கேட்கவே இல்லை. எனக்காக ஒருவர் பேசுவார் என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை.

பழைய கிராமபோனில் முள்ளைப் பிடித்து அதன் அதிர்வைக் கரண்டாக்கும் படிகத் துண்டை அக்கா கழற்றி என் கிதாரின் வயிற்றில் ஒட்டினார். வந்ததென்னவோ கொசு முனகல். அதை மைக் செட்டுக்கு அனுப்பும் முன்பே கொஞ்சம் வளர்த்துக் கொடுக்க ஒரு சின்னச் சர்க்யூட் வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர்கள், கண்டென்சர்கள், டார்ச் லைட் பேட்டரிக் கட்டைகள். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் டிரான்சிஸ்டர் ரேடியோவையே நம் ஊர் அதிசயமாகப் பார்த்த காலம் அது! அக்கா மெட்ராசுக்கு பஸ் ஏறி மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்தார்.

அக்கா ஆயுசெல்லாம் பழைய மைக் செட்டின் கண்ணாடி வால்வோடு குடித்தனம் நடத்தியவர். வால்வு சூடேறினால்தான் பேசும். இந்த டிரான்சிஸ்டரைத் தொட்டுப் பார்த்தார். "இன்னாடா இது, செத்த எலியாட்டம் ஜில்லுனு கீது? கொஞ்சம் சூடு காட்டுவோம்" என்று பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை அதன் கம்பிக் காலிலேயே அழுத்திப் பிடித்தார். அதற்குச் சூடுதான் எமன் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? போயே போய்விட்டது! மறுபடி வாங்கப் போனபோது மூர் மார்க்கெட் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம். சிரியுங்கள், தப்பில்லை. அக்காவே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதைதான்.

அடுத்த டிரான்சிஸ்டருக்கு அக்கா ஒரு வழி கண்டார். பற்றவைக்கும்போது அதன் காலைப் பாக்குவெட்டியால் கவ்விப் பிடிக்க வேண்டும்; சூடு இரும்புக்குப் போய்விடும், டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். பிடித்தவள் என் அம்முலு. "கைய ஆட்டுன, பாக்குக்குப் பதிலா உன் வெரல வெட்டிடுவேன்" என்று அக்கா மிரட்ட, அவள் மூச்சுகூட விடவில்லை. கட்டி முடித்த சர்க்யூட்டைப் பிஸ்கட் டப்பாவுக்குள் அடைத்து, டப்பாவையே எர்த்தோடு சேர்த்ததும், 'ஙொய்' என்ற இரைச்சல் அடங்கியது.

தாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்து கம்பியை மெல்லத் தடவினேன். புளியமரத்துக் குழாயிலிருந்து என் கிதார் கரை முழுக்கக் கேட்டது! "கேக்குது! கேக்குது!" என்று அம்முலு கடைசி வரிசையிலிருந்து கத்தினாள். எனக்கோ கண்ணீரில் கம்பியே தெரியவில்லை. அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "இன்னா அய்துக்கினு கீற? வாசிடா!"

வாசித்தேன். இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறேன். நன்றி சொல்லப் போகும்போதெல்லாம் "பேஜார் பண்ணாம போடா" என்று விரட்டிவிடுவார். இப்போது விரட்ட யார் இருக்கிறார்? அதனால் வாய் நிறையச் சொல்கிறேன். நன்றி அக்கா! என் வீட்டு அடுப்பு எரிவது உங்களால்தான் அக்கா!

தோழர்களே! சொல்லி அழுதால் மட்டும் போதுமா? அவருடைய மருமகள் சரசு நாளைக்கே மைக் செட் கடையைத் திறக்கிறாள். கடையில் முதல் வேலை என்ன? நம் குழுவில் பாடும் செல்லாயி அக்காவுக்குக் காய்ச்சலுக்குப் பிறகு குரல் எழும்பவில்லை. இனிப் பாட்டே வேண்டாம் என்று அதோ அந்தத் தூணோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

செல்லாயி அக்கா, நிமிர்ந்து பாருங்கள்! உதட்டோரம் பிடித்துப் பாட ஒரு சின்ன மைக்கும், அதற்கொரு சர்க்யூட்டும் நானும் சரசுவும் கட்டப்போகிறோம். மங்கம்மா அக்கா பேரைச் சொல்லி, இத்தனை பேர் முன்னிலையில் வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். தலைவரும் தலையாட்டுகிறார், பாருங்கள்! தொண்டையை வருத்தாதீர்கள் அக்கா. மெதுவாகவே பாடுங்கள், ஊர் கேட்கும்.