ஒன்பது நாள் வெயில்

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை, ஐயா. இருபத்திரண்டு வருஷமாக எதிரில் ஆளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவன் நான். சரக்கு எங்கே தயாராகிறது, யார் சோதித்தது, என்ன குளிரில் வைத்திருந்தீர்கள் என்று குடைந்து எடுப்பேன். விற்க வந்தவர்கள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பதில் சொல்வார்கள். நீங்கள் என்னைவிட மென்மையாகக் கேட்கிறீர்கள்.

எங்கள் கம்பெனி ஊசிமருந்து தயாரிக்கிறது. அதற்கான பெப்டைட் பொடிகளை வாங்குவது என் வேலை. பெப்டைட் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. நம் உடம்பு தானே செய்துகொள்ளும் புரதத் துணுக்கு. அதை ஆலையிலும் செய்கிறார்கள். அதில் ஒன்று பிரசவ ஊசிக்கானது. பிள்ளை பிறந்ததும் போடுவார்கள். கருப்பை சுருங்கி ரத்தம் நிற்கும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு புட்டிப் பொடி பல ஆயிரம் தாய்மாருக்குப் போதும். அதற்கு ஆகாதது சூடு ஒன்றுதான்.

வழக்கமாகத் தருகிறவர்கள் ஆலையைப் பழுது பார்க்க மூடிவிட்டார்கள். புது ஆளைத் தேடிப் பிடித்தது நான். நேரில் போய்ப் பார்த்தேன். நல்ல ஆலை, நேர்மையான மனிதர்கள். அவர்கள் மேல் பழி போடாதீர்கள். சரக்கு குளிராகத்தான் கிளம்பியது. துறைமுகத்துப் படிவத்தில் ஒரு எண்ணை நான் கைத்தவறுதலாக மாற்றி எழுதிவிட்டேன். அதனால் பெட்டி ஒன்பது நாள் தகரக் கொட்டகையில் கிடந்தது. நல்ல கோடை.

பெட்டியை நான் தனியாகத்தான் பிரித்தேன். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு வெப்பப் பதிவுக் கருவி இருக்கும். அதில் கோடு மூன்றாம் நாளே மேலே ஏறி, இறங்காமல் நின்றிருந்தது. கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த ஆலைக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"அத அழிச்சிடுங்க சார். வேற அனுப்பறேன். ஆறு வாரம் பொறுங்க" என்றார்.

ஆறு வாரம் என்றால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தப் படிவம் வெளியே வரும். நான் அதை நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மருத்துவமனைகள் தினமும் மருந்து கேட்டுக்கொண்டிருந்தன. மருந்தே இல்லாமல் போவதைவிட பாதி வீரியம் உள்ள மருந்து மேல் என்று தோன்றியது. பாதி என்று யார் சொன்னார்கள் என்று கேட்பீர்கள். நானேதான் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். எதையும் உற்றுப் பார்க்கிறவள் என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தோம். குளிர் அறைச் சாவி என்னிடம்தான் இருக்கும். புதுப் பொடி என்று சொல்லிப் பழைய பொடியின் மாதிரியை அவளிடம் கொடுத்தேன். பிறகு, ஊசியாக நிரப்பி வந்தபோதும் பழைய பொடியில் செய்த தொகுதியிலிருந்து லேபிள் ஒட்டாத ஆம்பூல் என்கிற கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன சார் இது, போன தொகுதியும் இதுவும் ரெட்டப் புள்ளைங்க மாதிரி அச்சு அசலா இருக்கு" என்றாள்.

"நல்ல இடத்துல வாங்கினா அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். நேற்று அவளைத்தான் விசாரணைக்கு அழைத்து வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவளை அனுப்பிவிடுங்கள். வீட்டில் அப்பாவுக்கு நடக்க முடியாது, அவள்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் கோப்பில் இறந்தவர்கள் பதினொரு பெண்கள் என்று இருக்கிறது. நான் ஏழு என்று நினைத்திருந்தேன்.

என் மகளுக்கு நாள் நெருங்கியது. பழைய தொகுதியிலிருந்து நாலு ஆம்பூலை எடுத்து வந்து, வீட்டு ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற இடத்தில் வைத்தேன். எந்தத் தகப்பனும் இதைச் செய்வான். பிரசவத்தன்று காலை ஐஸ் போட்ட சாப்பாட்டு டப்பாவில் அவற்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"எங்ககிட்டயே இருக்கே சார்" என்றார் நர்ஸ்.

"இருக்கட்டும் சிஸ்டர். ஒரு அப்பனோட ஆசைன்னு வச்சுக்குங்க. எங்க கம்பெனி மருந்துதான்."

இரண்டை வாங்கிக்கொண்டார். பேத்தி பிறந்தாள். மகளுக்கு ஒரு குறையும் இல்லை.

வெளியே நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒரு பஸ் டிரைவரும் இருந்தார். அவர் மனைவிக்கு இரண்டாவது பிரசவம், மகளுக்கு அடுத்த கட்டில். தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். "பதட்டமா இருந்தா நான் ஹாரன் அடிப்பேண்ணே. இங்க என்னத்த அடிக்கறது" என்றார். இருவரும் சிரித்தோம். இங்கே போடுவது எங்கள் கம்பெனி ஊசிதான் என்று பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் குழந்தை பிறந்துவிட்டது, ஆண் என்றார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு நர்ஸ் ஓடி வந்தார். "ரத்தம் நிக்கல. மூணு ஊசி போட்டாச்சு, கேக்க மாட்டேங்குது. ரத்தம் குடுக்க ஆள் வரச் சொல்லுங்க."

டிரைவர் யார் யாரையோ போனில் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, இது உங்க கம்பெனி ஊசிதானே. நின்னுடும்ல?"

"நின்னுடும்" என்றேன்.

டப்பா என் மடியில் இருந்தது. அதில் இரண்டு ஆம்பூல் மீதி இருந்தன. ஐஸ்கூட இன்னும் கரையவில்லை. அதை எடுத்து நீட்டியிருந்தால், உள்ளே இருக்கிற மருந்துக்கு என்ன கேடு, இது மட்டும் ஏன் என்று கேட்டிருப்பார்கள். நாற்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து டிரைவரின் தோளில் கை வைத்தார். டிரைவர் கத்தவில்லை. மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவது என்று என்னிடம்தான் கேட்டார். நான் போய்க் கூட்டி வந்தேன். ஆறு வயது இருக்கும். வழியெல்லாம் தம்பியா தங்கச்சியா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் என் மகள் கேட்டாள். "எனக்குப் போட்டது வேற மருந்தாப்பா?"

இல்லை என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. குழந்தையை என் கையில் தருவதும் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகத் தோன்றுகிறது.

மற்றபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்த மனிதர், உங்களிடம் வேறு ஊசி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை.