காலிக் கட்டத்துக்கு ஒரு சராசரி

அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. இந்த வேலைக்கு அது நல்ல குணம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

புற்றுநோயாளிகளுக்கு அவரவர் உடம்புக்கேற்ற மருந்தளவைக் கணித்துச் சொல்லும் கணினி மாடலை நான் உருவாக்கினேன். வயது, எடை, மரபணு, சிறுநீரகப் பரிசோதனை எல்லாவற்றையும் அது படிக்கும். சிலருக்குச் சிறுநீரக எண் இருக்காது. அந்த இடத்தை மற்றவர்களின் சராசரியால் நிரப்பினேன். துறையில் பலரும் செய்வதுதான்.

மருந்து ஏற்றும் அறையின் மூத்த நர்ஸ் ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"சார், அந்த ஏழாம் படுக்கைக்காரருக்கு ரத்தமே எடுக்க முடியல, நரம்பு அவ்வளவு வத்திப்போச்சு. உங்க மெஷின் மட்டும் அவர் கிட்னி ஜோரா இருக்குங்குது. ஜோசியம் ஏதும் கத்துக்கொடுத்திருக்கீங்களா?"

சிரித்து அனுப்பிவிட்டு, காலிக் கட்டங்கள் யார் யாருடையவை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பரிசோதனைகூடச் செய்ய முடியாத அளவுக்கு நலிந்தவர்களின் கட்டங்கள்தான் காலியாக இருந்தன. கெட்டுப்போன சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் உடம்பில் விஷமாகத் தேங்கும் மருந்து, அவர்களுக்கெல்லாம் முழு அளவில் போய்க்கொண்டிருந்தது.

மருத்துவர்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு வாரத்தில், மாடலைச் சோதிக்கும் ஆய்வின் முடிவு வெளியாக வேண்டும். நடுவில் நிறுத்தினால், நாளை இந்த மாடலால் பிழைக்கப்போகும் ஆயிரம் பேரின் கதி என்ன? அப்படித்தான் யோசித்தேன்.

மூன்றாம் வாரம் என் மனைவியின் அண்ணன் அந்த அறைக்கே நோயாளியாக வந்து சேர்ந்தார். அவருக்கும் அந்தக் கட்டம் காலி.

"என்ன மாப்ள, உன் மெஷின் எனக்கு எவ்வளவு ஊத்தச் சொல்லுது? பாசத்துல ஒரு குடம் சேர்த்து ஊத்திராத."

"உங்களுக்குக் கம்மிதான் மச்சான்."

அவருடைய எண்ணை மட்டும் கையால் திருத்தியிருந்தேன். பாதி அளவு. பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரப் பெண்மணி, அவருடைய காலிக் கட்டத்தில் சராசரி. மச்சானின் கையைப் பிடித்தபடி, அந்தப் பெண்மணிக்கு மேலே தொங்கிய பையிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அந்தப் பெண்மணி லேசாகச் சிரித்தார்.

அந்த ஆறு வாரத்தில் காலிக் கட்டக்காரர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். நோய் முற்றியவர்கள்தானே என்று, காரணத்தை யாரும் கேட்கவில்லை. நர்ஸ் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். "எங்க அண்ணனை நீங்கதாங்க காப்பாத்துனீங்க" என்றாள் மனைவி. 

நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது பேரையும் தெரிந்தேதான் சாகவிட்டேன்.

மச்சான் தேறிவிட்டார். அறிக்கையில் அவரை மாடல் காப்பாற்றியவர்களின் வரிசையில் சேர்த்திருக்கிறேன். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.