சிப்பாய் வீரபத்திரனின் கல்வெட்டு

எனக்கு முழங்கால் வலி உண்மையிலேயே இருக்கிறது, மேடம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் கேட்ட பிறகு இதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். புவாண்ட்-கிளேர் கிடங்கில் ஒன்றரை வருடம் பெட்டி தூக்கியதில் வந்த வலி. கீழே பேஸ்மென்ட்டுக்கு இறங்கி ஏறினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஃபோனைக் காரிலேயே வைத்துவிட்டு வந்ததற்கு நன்றி. நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். என் வீட்டு பேஸ்மென்ட்டில் குடியிருந்த ரக்ஷனா மார்ச் கடைசியில் ஏரியில் பனி உடைந்து இறந்தாள். அவளை அங்கே அழைத்துப் போனவர் கஜீவன் என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கஜீவனுடைய வக்கீல். அந்த வாக்குமூலத்தை மாற்ற முடியுமா என்று கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் வேலூர்க்காரன். சென்னையில் பத்து வருடம், இந்த ஊரில் பதினெட்டு வருடம் மென்பொருள் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அடுத்து கிடைத்தது கிடங்கு வேலைதான். அங்கே மஞ்சள் சட்டை, தொப்பி, மார்பில் ஒரு அட்டை. கிருஷ்ணகுமார் என்று எழுத இடம் போதவில்லையாம், 'கிரிஸ்' என்று அடித்துக் கொடுத்தார்கள். என் மனைவி டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இந்தக் கர்க்லாண்ட் வீட்டில் நானும், என் புத்தகமும் மிஞ்சினோம்.

புத்தகம் ஆயிரத்தெண்ணூற்று ஆறாம் வருடத்து வேலூர்க் கிளர்ச்சியைப் பற்றியது. காரணங்கள் ஒரு பாகம், விளைவுகள் ஒரு பாகம். தோல் வைத்த புதுத் தொப்பியால் வந்த கலகம் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தொப்பி மட்டுமா? நெற்றியில் திருநீறு கூடாது, நாமம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை இப்படித்தான் வெட்ட வேண்டும் என்று கும்பெனிக்காரன் உத்தரவு போட்டான். மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலை பத்தாம் தேதி விடிவதற்குள் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அன்று காலையே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தது. பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். அப்புறம் உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். செத்தவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அப்படிப் பீரங்கியில் போனவர்களில் ஒருவர் எங்கள் முன்னோர், சிப்பாய் வீரபத்திரன். ஏழு தலைமுறையாக எங்கள் வீட்டில் சொல்லிவருவது அதுதான். அவருடைய மனைவிக்கு ஊரார் இரக்கப்பட்டுக் கொடுத்த பத்துக் காணி நஞ்சைதான் எங்கள் குடும்பத்தை வளர்த்தது. நான் படித்தது அந்த நிலத்தில்தான். ஊரில் என்னைப் பீரங்கி வீட்டுப் பையன் என்றுதான் சொல்வார்கள். கிடங்கில் என்னை யார் எப்படிக் கூப்பிட்டாலும், மனதுக்குள் நான் பீரங்கி வீட்டுப் பையன். அது இல்லாவிட்டால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை, மேடம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இந்த ஜூலை பத்தாம் தேதி ஊர் நுழைவில் அவருக்குக் கல்வெட்டுத் திறக்கிறார்கள். அதே மேடையில் என் புத்தக வெளியீடு. என் தம்பி இரண்டு வருடம் அலைந்து ஏற்பாடு செய்தது. நான் இங்கிருந்தே ஃபோனில் பார்க்கப் போகிறேன்.

ரக்ஷனா இங்கே பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க வந்தவள். காஞ்சிபுரம் பக்கத்துப் பெண், இருபத்துநான்கு வயது. பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிப்பதில் கெட்டிக்காரி. லண்டனிலிருந்து நான் வரவழைத்த விசாரணைக் காகிதங்களின் படங்களை அவள்தான் உட்கார்ந்து படித்துக் கொடுத்தாள். மார்ச் மாதம் ஒரு மத்தியானம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். அப்புறம்தான் காட்டினாள்.

சிப்பாய் வீரபத்திரன், எங்கள் ஊர் பெயரோடு. விசாரணையில் பதினாறு பேரை அடையாளம் காட்டினான். அதற்காக அவனுக்கு உயிர்ப்பிச்சையும் பத்துக் காணி நஞ்சையும். அந்தப் பதினாறு பேரின் பெயர்களும் வரிசையாக இருந்தன. பீரங்கி அவர்களுக்குத்தான்.

"இதை விட்டுட்டு புக் போட முடியாது, அங்கிள்" என்றாள். குரலில் குத்தல் கிடையாது. "பயந்துட்டாரு, அவ்ளோதான். இதுவும் வரலாறுதானே? இத வெச்சா உங்க புக்குக்கு இன்னும் மரியாதைதான்."

நான் மூன்று நாள் அவளிடம் பேசிப் பார்த்தேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலில் விழாத குறை. நீங்கள் போடாவிட்டால் போங்கள், என் ஆய்வில் நான் எழுதத்தான் வேண்டும் என்றாள். அந்தப் பதினாறு பேருக்கும் ஊர் இருந்தது, வீடு இருந்தது, அவர்கள் பெயரை ஒரு கல்லிலும் யாரும் வெட்டவில்லை என்றாள். அவள் பேசியதில் தவறு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு வேறு வழி தெரியாமல் போனது.

நான் ஒவ்வோர் அமாவாசைக்கும் முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பவன். எள்ளும் சோறும் பிசைந்த உருண்டையை ஓடும் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இங்கே அதற்கு இருப்பது புவாண்ட்-கிளேர் கரைதான். ஏரி என்று பெயரே தவிர, நடுவில் ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் கரையோரம் கல்லாக உறைந்திருக்கும். மீன் பிடிக்கிறவர்கள் பனிமேல் குடில் போட்டு, துளை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் துளையில்தான் நான் தை மாதமும் மாசி மாதமும் கரைத்தேன்.

பங்குனி அமாவாசை ஒரு சனிக்கிழமை வந்தது. அன்று காலை கஜீவன் வந்தார். கிடங்கில் என்னோடு வேலை செய்பவர், அந்த இடத்தில் என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள். பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையிலிருந்து எனக்காக எள்ளும் வாழையிலையும் வாங்கி வந்திருந்தார். வாசலிலேயே நின்று சொன்னார். "அண்ணை, இந்த முறை ஏரிக்க இறங்காதேங்கோ. ஐஸ் இளகிட்டுது. மீன் பிடிக்கிறவை போன கிழமையே கொட்டிலுகளைக் கழட்டிக்கொண்டு போட்டினம். கரையில நிண்டே கரைச்சுப்போட்டு வாங்கோ."

சரி என்றேன். பத்து நிமிடம் கூட அவர் இருக்கவில்லை. அறைக்குப் போய்த் தூங்க வேண்டும் என்றார், விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். எதிர்வீட்டு அம்மாள் அவர் காரைப் பார்த்து ஜன்னலிலிருந்து கையசைத்தாள். ரக்ஷனா கீழே குளித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழவில்லை.

நான் கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். முழங்கால் வலிக்கிறதம்மா, இன்றைக்கு மட்டும் இந்த உருண்டையை நீ கொண்டுபோய்க் கரைத்துவிட்டு வருகிறாயா என்று கேட்டேன். வீரபத்திரன் காகிதத்தைத் தொட்டவள் நீ, அந்தப் பதினாறு பேருக்கும் சேர்த்தே கரைத்துவிடு என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

என் காரில்தான் போனோம். கரையில் நின்று, "ஐஸ் தாங்குமா அங்கிள்?" என்று கேட்டாள். அவளுக்கு இது முதல் குளிர்காலம்.

"ட்ரக்கே போகும்மா" என்றேன். ஜனவரியில் போகும். அதில் பொய் கிடையாது.

பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போகவா, சாமி காரியமாயிற்றே என்று கேட்டாள். வேண்டாம், கால் விறைத்துவிடும் என்று தடுத்தேன். அந்த அளவுக்கு எனக்கு அவள்மேல் அக்கறை இருந்தது.

எழுபது அடி போயிருப்பாள். திரும்பி இலையை உயர்த்திக் காட்டி, இங்கேயா என்பது போல நின்றாள். அங்கேயே கரைத்திருந்தால் திரும்பி வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். நான் இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினேன். அவள் போனாள். மறுபடி திரும்பினாள். மறுபடி காட்டினேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அங்கிள் என்று ஒரு தரம் கேட்டது. பிறகு இல்லை. நான் கரையில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் மூன்று முறை இறைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் மடிக்கணினியில் இருந்ததை அழித்தேன். அதற்கு அப்புறம்தான் காணோம் என்று போலீசைக் கூப்பிட்டேன்.

யாராவது வந்தார்களா என்று கேட்டார்கள். கஜீவன் வந்தார் என்றேன், அது உண்மை. எதிர்வீட்டு அம்மாளும் அதையே சொன்னாள். ரக்ஷனா அவரோடு ஏரிக்குப் புறப்பட்டுப் போனாள் என்று ஒரு வரி மட்டும் நான் சேர்த்தேன். அவளையே சுற்றிச் சுற்றி வருவார் என்றும் சொன்னேன். அதை இரண்டாவது வரி என்று கணக்கு வைக்க வேண்டுமா தெரியவில்லை. அகதிக் கோரிக்கை தள்ளுபடியான ஆள் என்பது எனக்குத் தெரியும். போலீஸ் வழக்குப் போடாவிட்டாலும் குடிவரவுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்பதும் தெரியும்.

இந்த மூன்று மாதம் நான் நன்றாகத் தூங்கவில்லை. குழாயைத் திறந்தால் உடனே மூடிவிடுகிறேன். இரண்டு அமாவாசை வந்து போயின, கரைக்கப் போகவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. நீங்கள் மணியை அழுத்தியபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஒரு மனிசன்ர உயிர் போகப் போகுது, விளங்குதோ உங்களுக்கு?" என்று கேட்கிறீர்கள். விளங்குகிறது. கஜீவன் தன் முதுகில் இருக்கும் தழும்புகளை எனக்கும் காட்டியிருக்கிறார். ஊருக்குத் திருப்பி அனுப்பினால் தன்னைப் பிடிக்க அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் இங்கிருந்து நேரே போய்ச் சொன்னாலும் எடுபடாது, மேடம். கட்சிக்காரருக்காக வக்கீல் கட்டிய கதை என்பார்கள். வேலூரிலும் கலகத்துக்கு முன்னால் ஒரு சிப்பாய் ஓடிப்போய் எச்சரித்தான். அவனைப் பைத்தியம் என்று சொல்லி விலங்கு மாட்டினார்கள். என் கையெழுத்து இருந்தால்தான் காரியம் நடக்கும். அதை நான் போடுவேன், சத்தியமாகப் போடுவேன். ஜூலை மூன்றாம் தேதி கஜீவனை விமானத்தில் ஏற்றுகிறார்கள் என்கிறீர்கள். பத்தாம் தேதி கல்வெட்டுத் திறப்பு. நடுவில் ஒரு வாரம்தான். பதினொன்றாம் தேதி காலையில் காகிதத்தோடு வாருங்கள், நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன். ஏன் செய்தேன் என்ற இடத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள், மேடம். நீங்கள் மனதில் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. என்னை அவரோடு ஒன்றாக வைக்காதீர்கள். வீரபத்திரன் பதினாறு பேரைக் காட்டிக்கொடுத்தார். நான் ஒரே ஒருவரைத்தான்.