பார்னபி அழுத காட்சி

— சிரிச்சானுங்க மச்சான். நான் மேடையில நின்னு அழறேன், கொட்டகை மொத்தமும் வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்குது. ஏன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்.

— நகைச்சுவை நாடகம் மாப்பிள. சிரிக்கத்தானே காசு குடுத்து வந்திருக்காங்க.

— பேச்ச மாத்தாத ஆம்ப்ரோஸ். எழுதினவன் நீ. அந்தக் காட்சியில சிரிக்க என்ன இருக்கு? ஓடிப்போன பொண்டாட்டி திரும்பி வந்து வாசல்ல நிக்கிறா. கெழட்டு வியாபாரி மனசு எளகி, மன்னிச்சு உள்ள கூட்டிட்டுப் போறான். கல்லுகூட கரையும். நெசமாவே அழுதேன், தெரியுமா? லண்டன்ல எந்த நடிகன் மேடையில நெசக் கண்ணீர் விட்டிருக்கான்?

— பார்னபி தம்பி, அழுதது போதும், அங்கியக் கழட்டிக் குடுங்க. வெல்வெட்டு. ஈரம் பட்டா கறை புடிச்சிரும்.

— சும்மா இரு மார்ஜரிக்கா. உடுப்புப் பெட்டிய விட்டா உனக்கு வேற உலகமே கெடையாது.

— இத மாட்டிக்கிட்டு யாரும் கொட்டகைய விட்டு வெளிய போகக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்க பங்குதாரருங்கதான். திரும்புங்க. முடிச்சு பூரா முதுகுல இருக்கு, ஒவ்வொண்ணா அவுக்கணும்.

— சரி, அவுத்து விடு. மச்சான், நீ வாயத் தொற.

— நீங்க நாடகத்த முழுசாக் கேக்கவே இல்லையே மாப்பிள. மதுக்கடையில எல்லாரையும் உக்கார வச்சு வாசிச்சுக் காட்டினேன். நீங்க மொத அங்கத்துலயே எந்திரிச்சுப் போயிட்டீங்க.

— வீட்டுல உன் தங்கச்சி தனியா கெடக்கா. போக வேணாமா?

— ஒத்திகைக்கும் வரல. இன்னிக்கு மொத ஆட்டத்துக்கு நேரா வந்து நின்னீங்க.

— எனக்கு எதுக்குய்யா ஒத்திகை? என் வசனம் எனக்குத் தலைகீழாத் தெரியும். சுருள்ல நீ எழுதிக் குடுக்கறது என்ன? என் பேச்சு. அதுக்கு முன்னால பேசுறவன் கடைசியா விடுற ரெண்டு மூணு வார்த்த. அந்த வார்த்த காதுல விழுந்தா நான் பேசணும். இத்தன வருசமா அது போதும் எனக்கு. அடுத்தவன் வசனத்தத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்?

— எல்லாருக்கும் அப்பிடித்தான் குடுக்கறோம். முழுசா எழுதிக் குடுத்தா நாளைக்கே எதிர்க் கொட்டகையில ஓடும். ஆனா மத்தவங்க நான் வாசிச்சப்பக் கேட்டாங்க. சரி, கடைசிக் காட்சியில உங்களுக்கு முன்வார்த்த என்ன?

— 'வீட்டுக்கு வந்துட்டேன்.'

— யாரு சொல்றது அது?

— யாரா? பொண்டாட்டி. முக்காடு போட்டுக்கிட்டு நிக்கிறாளே.

— முக்காட்டுக்குள்ள இருக்கிறது வேலக்காரி மாப்பிள.

— என்னது?

— நீங்க மேடைக்கு வர்றதுக்கு முன்னாலயே, கூட்டம் பாக்க எசமானியோட உடுப்ப மாட்டிக்கிட்டு வேலக்காரி வந்து நிக்கிறா. உங்களுக்கு அடையாளம் தெரியல. அவ கையப் புடிச்சிக்கிட்டு அழறீங்க. மோதிரம் எடுக்க நீங்க உள்ள போனதும், அவ முக்காட்ட எடுத்துட்டுக் கூட்டத்தப் பாத்துக் கண்ணடிக்கிறா. நெசப் பொண்டாட்டி அதுக்குள்ள ஊரத் தாண்டிட்டா.

— உள்ள போனவனுக்கு மேடையில என்ன நடக்குதுன்னு எப்பிடிடா தெரியும்?

— தெரியாதுதான். அதனாலதான் அவ்வளவு நல்லா அழுதீங்க.

— நக்கலா? அப்ப வேலக்காரனா நடிக்கற ரால்ஃபுக்குத் தெரியும். பொம்பள வேசம் கட்டுற நெட்டுக்குத் தெரியும். என்னத் தவிர எல்லாப் பயலுக்கும் தெரியும். மார்ஜரிக்கா, உனக்குமா?

— முக்காடு தச்சதே நான்தானே தம்பி. கையக் கொஞ்சம் தூக்குங்க.

— நல்லா இருக்கு. இன்னொண்ணு கேக்கறேன் மச்சான், அதுக்கும் பதில் சொல்லு. ரெண்டாவது அங்கத்துல அந்தக் கெழவன் பொண்டாட்டியப் பாத்து, 'சன்னல்ல நின்னா சன்னல அடைப்பேன், பாட்டுப் பாடினா வாய அடைப்பேன்'னு சொல்றானே. அத எங்க புடிச்ச?

— நல்லா இருந்துச்சா?

— அது நான் சொன்னது. என் வீட்டுக்குள்ள, டாமசின்கிட்ட சொன்னது. உன் தங்கச்சி உன்கிட்ட ஒப்பிச்சாளா? எப்படா பாத்த அவள? பூட்டிட்டுத்தானே வர்றேன்.

— சன்னல் வழியா. நீங்க அத அடைக்கறதுக்கு முன்னால.

— சரி. இன்னிக்கு வீட்டுக்குப் போறேன். அந்த வாய் இனிமே யாருகிட்டப் பேசுதுன்னு பாக்கறேன். போன தடவ கை வீங்கினதோட விட்டேன், அது என் தப்பு.

— அது வீக்கம் இல்ல மாப்பிள. எலும்பு முறிஞ்சது. இன்னும் அந்தக் கையால அவளுக்கு ஒரு ஊசி புடிக்க முடியல.

— புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நடுவுல நீ யாரு?

— அண்ணன். பாதிரியார்கிட்டப் போனேன், வீட்டு விசயம்னாரு. காவக்காரன்கிட்டப் போனேன், புருசனுக்கு உரிமை இருக்குன்னான். எங்கம்மாகிட்டப் போனேன், அனுசரிச்சுப் போகச் சொல்லுன்னா. எனக்கு வயிறு எரியுது மாப்பிள. உங்க பக்கத்துல நின்னு உங்க வசனத்தத் திருத்தித் தர்றப்பவெல்லாம் எரியும். ஆனா எனக்கு சண்டை வராது, எழுத மட்டும்தான் வரும்.

— அதான் எழுதி என்ன சந்தி சிரிக்க வச்சுட்டியாக்கும். சிரிக்கட்டும். சிரிச்சவன் எல்லாம் அவனவன் வீட்டுக்குப் போயிருவான். நானும் என் வீட்டுக்குத்தான் போறேன். அங்க என்னக் கேக்க எவனும் இல்ல. மார்ஜரிக்கா, சீக்கிரம்.

— கயிறு சிக்கிக்கிச்சு தம்பி.

— அறுத்துத் தொலை.

— அறுத்தா துணியோட வருமே. உங்க பங்குலதான் கழிப்பாங்க, பரவாயில்லையா? அப்ப ஆடாம நில்லுங்க.

— மாப்பிள, வீட்டுச் சாவிய எங்க வச்சிருக்கீங்க?

— இடுப்புல. இந்தா. எப்பவும் என் இடுப்புலதான்.

— எப்பவுமா?

— பின்ன? மேடையில ரால்ஃபுகிட்டக் குடுக்கறப்ப தவிர.

— சாமான் பெட்டியில மரச்சாவி இருந்துச்சே.

— மரச்சாவிய வச்சிக்கிட்டு எவன் நடிப்பான்? நெசச் சாவி கனத்தாத்தான் குடுக்கறப்பக் கை நெசமா நடுங்கும். நான் நடிகன்டா.

— அது தெரிஞ்சுதான் எழுதினேன். ரெண்டாவது அங்கத்துல வேலக்காரன நம்பி சாவியக் குடுக்கறீங்க. எப்பத் திரும்ப வாங்கறீங்க?

— நாலாவதுல. ரால்ஃபு கொண்டாந்து நீட்டுவான், மேமூச்சு கீமூச்சு வாங்க. நல்லா நடிக்கறானேன்னு நெனச்சேன். மூணாவது அங்கத்துல ரால்ஃபுக்கு என்ன வேலை?

— ஒண்ணும் இல்ல.

— அடப்பாவி. இங்கேர்ந்து என் வீடு ரெண்டு சந்துதான்.

— யாரும் திருடல பார்னபி. ஊரே பாத்துக்கிட்டிருக்க, உன் கையால நீயே குடுத்த.

— என்னடா, நீங்க போயி நீ வந்துருச்சு?

— மாப்பிள மரியாதையெல்லாம் அவ அந்த வீட்டுல இருந்த வரைக்கும்தான்.

— எங்கடா அவ? ஆத்தங்கரைக்குத்தான் போயிருப்பா. இங்க படகுக்காரன் பூரா எனக்குப் பழக்கம். கடலேத்தம் முடிஞ்சு ஆத்துத் தண்ணி கடல் பக்கமா இறங்க ஆரம்பிக்காம எவனும் கப்பல் நிக்கிற கிரேவ்செண்டுக்குப் படக எடுக்க மாட்டான். இப்ப ஓடினாலும் புடிச்சிருவேன். மார்ஜரிக்கா, நீ ஆத்துப் பக்கம்தானே குடியிருக்க. தண்ணி இறங்கிருச்சா?

— நீங்க அழ ஆரம்பிச்சப்ப இறங்க ஆரம்பிச்சுது தம்பி. இந்தாங்க, கடைசி முடிச்சும் அவுந்துருச்சு. இப்ப எங்க வேணா போங்க.

— நாலாவது அங்கத்துலயே என் சாவி திரும்பி வந்துருச்சு, அவ போயாச்சு. அப்புறம் எதுக்குடா அந்த முக்காடு, அந்த அழுகை, அந்த மன்னிப்பு? என்ன அசிங்கப்படுத்தவா?

— இல்ல. என் கதை நாலாவதோட முடிஞ்சுது. தண்ணி இறங்கற வரைக்கும் உன்ன மேடையில நிக்க வைக்கணும், என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியல. டாமசின்தான் சொன்னா: 'அவரு மன்னிக்கற மாதிரி ஒரு காட்சி எழுதுண்ணே. வீட்டுல ஒரு நாளும் பண்ணாதது, மேடையில கெடச்சா லேசுல எறங்க மாட்டாரு.'