திருக்கைக் கட்டு

ஓடுகிறோம். காலடியில் குத்துகிற முருகைக்கல். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. தலைக்கு மேல் ஹெலி. தூரத்தில் இருக்கும்போது உரலில் இடிக்கிற சத்தம். கிட்ட வந்ததும் தகரத்தில் கல் கொட்டுகிற சத்தம். இரண்டுக்கும் இடையில் ஒரு மூச்சு விடத்தான் நேரம்.

“படுங்கோ! படுங்கோ! சுத்தி வாறான்!”

சவிரி மாமா கத்துகிறார். அவர் இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்தபடி நிற்கிறார். நான் படுக்கிறேன். வாயெல்லாம் மணல். என் பக்கத்தில் மச்சாள் பிலோமினா. அவளுக்கு முன்னால் அண்ணை. அண்ணை படுக்கவில்லை. இரண்டு கையிலும் மண்ணெண்ணெய்க் கலன். அதைப் போட்டுவிட்டுப் படுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்த நாளில் மண்ணெண்ணெய் அவ்வளவு தட்டுப்பாடு.

தண்ணீரில் வரிசையாகப் பொட்டுப் பொட்டென்று விழுகிறது. பிறகு மணலில். பிறகு அண்ணை கலன்களோடு மணலில் இருக்கிறான். உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. வலது தொடை. சாரம் கறுப்பாக நனைகிறது.

புதன்கிழமை. றேடியோவில் காலை ஏழேகால் செய்தி முடிந்த கையோடு. நெடுந்தீவின் மேற்குக் கரை. எனக்கு வயது பத்தொன்பது. அண்ணைக்கு இருபத்தாறு. அவனுக்கும் மச்சாளுக்கும் கல்யாணமாகி நாலு மாதம்.

இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். விசாரிக்க வந்தவர்களுக்கு, சுவாமியாருக்கு, வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகளுக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் சொன்னேன். சுட்டார்கள், கட்டினேன், கொண்டு போனோம், வழியில் போய்விட்டான். “உன்னால ஏலுமானதைச் செய்தனி” என்று அவர்கள் சொல்வார்கள். நானும் ஓம் என்பேன். முப்பத்தைந்து வருடம் அந்த ஓமில்தான் உயிரோடு இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அது போய்விட்டது. ஆகவே இந்த முறை முழுவதும் எழுதுகிறேன்.

முதலில் நான் போட்ட கட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கடலில் திருக்கை முள் குத்தினால் எங்கள் ஆட்கள் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவார்கள். ஒரு பக்கம் இழுத்தால் இறுகும். மறு நுனியைச் சுண்டினால் ஒரே இழுவையில் அவிழும். அதற்குத் திருக்கைக் கட்டு என்று பெயர். அப்பா எனக்கும் அண்ணைக்கும் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார். கூடவே ஒரு கட்டளையும் தந்தார். கட்டை அப்படியே விட்டால் கால் செத்துப்போகும். ஒரு செபமாலைக்கு ஒருதரம் அவிழ்க்கவேண்டும். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்குமட்டும் இரத்தத்தை ஓடவிட வேண்டும். பிறகு கட்டவேண்டும். உப்புத் தண்ணீரில் எவனுடைய மணிக்கூடு ஓடுகிறது? எங்கள் சனத்துக்குக் கடலில் நேரம் என்பது செபமாலைதான்.

அண்ணையின் சாரத்தின் கரையைக் கிழித்தேன். தொடையின் மேலே கட்டினேன். காலை முண்டு கொடுத்து இழுத்தேன். இரத்தம் நின்றது. நின்றது என்று தெளிவாக எழுதுகிறேன். என் கண்ணால் கண்டது.

வள்ளத்தில் ஆறு பேர். அண்ணை, மச்சாள், நான், எஞ்சின் பிடித்த சவிரி மாமா, பக்கத்து வீட்டு அக்கா, அவவின் கைக்குழந்தை. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல நாளில் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம். அன்று கலனில் ஒன்று ஓட்டையாகிவிட்டது. எஞ்சினை மெதுவாக விட்டுத்தான் ஓடலாம். டுப், டுப், டுப். இடையில் ஒரு இருமல். மறுபடி டுப், டுப்.

மச்சாள் அண்ணையின் தலையை மடியில் வைத்துச் செபமாலையைத் தொடங்கினாள். செபமாலையில் சந்தோஷம், துக்கம், மகிமை என்று மூன்று உண்டு, புதன்கிழமைக்கு மகிமைதான் முறை. அவள் சந்தோஷ தேவ இரகசியத்தில் தொடங்கினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அண்ணைக்கு நோ காயத்தில் இல்லை, கட்டிய இடத்தில். “இறுக்குதடி, இறுக்குதடி” என்று பல்லைக் கடித்தான். நான் மச்சாளின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி மணி. மச்சாள் கத்தினாள்.

“முடிஞ்சுது! அவிழ், றோசா! அவிழ்!”

அவிழ்த்தேன். இரத்தம் பாய்ந்தது. பரலோக மந்திரம் சொன்னோம். கட்டினேன். அண்ணையின் முகம் இளகியது. “இப்ப சுகமா இருக்கு” என்றான். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை வருடம் சந்தோஷப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது துக்க தேவ இரகசியம். கடல் கொஞ்சம் எழும்பியது. குழந்தை அழுதது. எஞ்சின் ஒருதரம் நின்று மறுபடி பிடித்தது. துக்கம் முடிந்தது. “அவிழ்!” அவிழ்த்தேன். வள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் சிவந்தது. அண்ணை தண்ணீர் கேட்டான். குளிருது என்றான். வெயில் சுட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது மகிமை. மச்சாளின் குரல் அடைத்துவிட்டது. நான் எடுத்துச் சொன்னேன். முடிந்தது. இந்த முறை அவள் கத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவிழ்த்தேன். இரத்தம் கொஞ்சமாகத்தான் வந்தது. கசிந்தது, அவ்வளவுதான்.

“மச்சாள், நிக்குது! இரத்தம் நிக்குது!” என்று நான் கத்தினேன். சவிரி மாமா திரும்பிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நடுக்கடலில், என் அண்ணையின் இரத்தத்துக்குள் இருந்துகொண்டு நாங்கள் சிரித்தோம். இதையும் எழுதத்தான் வேண்டும்.

குறிகட்டுவானில் இறக்கும்போது ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னார், ஒன்பது பத்து. அண்ணை அதற்கு முன்பே போய்விட்டான். எப்போது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இனி போன செவ்வாய்க்கிழமை.

நெடுந்தீவில் ஒரு முதலுதவி வகுப்பு. ஆஸ்பத்திரி கிட்ட இல்லாத இடத்தில், வெட்டை வெளியில், கடலில் ஒருவருக்கு ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்று பழக்குகிறார்களாம். எங்கள் தீவு முழுவதும் அப்படியான இடம்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் பார்க்க ஏலாததற்கு இன்றைக்கும் படகுதான். தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்க வரும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரிபவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், மாதர் சங்கத்தில் நாங்கள் எட்டுப் பேர். மச்சாள் என் பக்கத்துக் கதிரையில். அவள் மறுபடி கல்யாணம் செய்யவில்லை. நானும் அவளும் ஒரே வளவில்தான் இருக்கிறோம். ஒரே குசினி. சண்டை பிடிப்பதும் ஒன்றாக, சாப்பிடுவதும் ஒன்றாக.

படிப்பிக்க வந்தவள் யாழ்ப்பாணத்துத் தாதி, தர்சிகா. முப்பது வயது இருக்கும். கெட்டிக்காரி. குதிரை உதைத்தால் என்ன செய்வது என்று கேட்டாள். “முதல்ல குதிரையிட்ட மன்னிப்புக் கேக்கோணும்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாய்க்காரி என்று ஊரில் பெயர். அன்று காலை எனக்கு அவ்வளவு வாய் இருந்தது.

திருக்கை குத்தினால் கட்டவே கூடாது என்றாள். பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வைக்கவேண்டுமாம். கடற்காரர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்பாவை நினைத்துக் கொஞ்சம் ரோசம் வந்தது.

பிறகு இரத்தப்பெருக்கு. துணியையும் ஒரு தடியையும் கையில் எடுத்தாள்.

“கைகால்ல இரத்தம் பாய்ஞ்சால் முதல்ல அமத்திப் பிடியுங்கோ. நல்லா அமத்தியும் நிக்கேல்லை எண்டால் காயத்துக்கு மேல இறுக்கிக் கட்டுங்கோ. மூட்டில கட்டாதேங்கோ. நோகும். கத்துவினம். பரவாயில்லை. கட்டின நேரத்தை எழுதுங்கோ. அதுக்குப் பிறகு அதில கை வைக்காதேங்கோ. டொக்டர்தான் அவிழ்க்கோணும்.”

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் மச்சாள் எழும்பிவிட்டாள். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவள்.

“தங்கச்சி, அப்ப கால் செத்துப் போகாதோ?”

“அவ்வளவு கெதியாப் போகாது அன்ரி. அப்பிடித்தான் போனாலும் கால்தான் போகும். ஆள் இருப்பார்.”

“இடைக்கிடை அவிழ்த்துவிட்டால்?”

“அவிழ்க்கிற ஒவ்வொருக்காலும் இரத்தம் போகும். போன இரத்தத்தைத் திருப்பி விட நடுக்கடலில ஒண்டும் இல்லை. மூண்டு நாலு தரம் அவிழ்த்தால் பிறகு காயத்தில இரத்தம் வராது. நிண்டிட்டுது எண்டு நினைப்பினம். நிக்கேல்லை. உள்ள இல்லை.”

தர்சிகா எங்களைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. துணியை மடித்தபடி இன்னும் ஒன்று சொன்னாள். “முந்தி அவிழ்க்கச் சொல்லித்தான் படிப்பிச்சவை. புத்தகத்திலயும் இருந்தது.” அவளாகவே, யாரும் கேட்காமலே சொன்னாள். அந்தப் பிள்ளைக்குப் புண்ணியம் கிடைக்கட்டும். எனக்கு அது போதவில்லை.

மச்சாள் கதிரையில் இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். முப்பத்தைந்து வருடம் என் சோற்றைப் போட்டுத் தந்தவள். இவள் இனி என்னை என்னவென்று பார்ப்பாள்? எனக்கு அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

செய்து பார்க்கச் சொன்னார்கள். இரண்டிரண்டு பேர். மச்சாள் கதிரையைத் திருப்பிப் போட்டாள். சேலைக்கு மேலால் வலது தொடையைத் தொட்டுக் காட்டினாள்.

“கட்டு.”

கை தானாகக் கட்டியது. காலை முண்டு கொடுத்து இழுத்தேன். தர்சிகா வந்து குனிந்து பார்த்தாள். தடியே இல்லாமல் இவ்வளவு இறுக்கமா என்று வியந்தாள். “நல்ல கட்டு அன்ரி. எங்க பழகினனீங்கள்?” நான் நுனியை நேராக்கினேன். நேரத்தை எழுதச் சொன்னாள். துணியில் எழுதினேன். பத்து நாற்பது.

மற்றவர்கள் கட்டினார்கள், அவிழ்த்தார்கள், சிரித்தார்கள். நாங்கள் அவிழ்க்கவில்லை.

“காணும் அன்ரி. பழகத்தானே. அவிழுங்கோ.”

“கை வைக்காத” என்றாள் மச்சாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவளுடைய பாதம் வெளிறியது. பிறகு நீலம் பாரித்தது. நெற்றியில் வியர்வை. பல்லைக் கடித்தாள். “இறுக்குதடி” என்றாள். நான் அழத் தொடங்கிவிட்டேன். அவளுடைய உதடு அசைந்தது. மணிகள் கையில் இல்லை, விரலில் எண்ணினாள். தர்சிகா ஓடிவந்து குனிந்தாள். அவளுடைய கை கட்டின்மேல் படுவதற்கு முன் மச்சாள் நுனியைத் தானே சுண்டினாள். அவிழ்ந்தது.

“சுகமாத்தான் இருக்கு, றோசா” என்றாள். “உன்ர அண்ணை பொய் சொல்லேல்லை.”

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவள் நொண்டி நொண்டி வந்தாள். வேலிக் கல்லில் ஒருதரம் பிடித்து நின்றாள். அப்போதுதான் சொன்னாள். “நான்தானே அவிழ் எண்டு கத்தினனான். நீ அவிழ்க்காட்டி உன்ர கையைக் கடிச்சிருப்பன்.” கட்டியவள் நான் என்றேன். அவிழ்த்த கை என்னுடையது என்றேன். தெருவில் நின்று சண்டை பிடித்தோம். செத்தவனுக்காகப் பழியைப் பங்கு போட முடியாமல் இரண்டு கிழவிகள் சண்டை பிடித்ததை ஊர் பார்த்தது.

இப்போது செபமாலையில் ஒளியின் தேவ இரகசியம் என்று நாலாவதும் உண்டு. அன்று மூன்றுதான். நாலு இருந்திருந்தால் நாலு தரம் அவிழ்த்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

சுட்டவர்களை நான் மன்னித்து இதை எழுதவில்லை. அது வேறு கணக்கு. அவர்கள் சுடாவிட்டால் கட்டும் இல்லை, அவிழ்ப்பும் இல்லை. யாரும் என் கையைக் காட்டி அவர்களை விட்டுவிடக் கூடாது. ஆனால் சாட்சி சொல்ல வந்தவள் கண்டது முழுவதையும் சொல்லவேண்டும். என் கையையும் நான் கண்டேன்.

கணக்கு இது. கரையில் செத்தவர்கள் இரண்டு பேர், வலை காயப்போட்டுக்கொண்டிருந்த சகோதரர். பெயரை அவர்கள் வீட்டார் சொல்லட்டும். வள்ளத்தில் ஏறியவர்கள் ஆறு. உயிரோடு இறங்கியவர்கள் ஐந்து. அந்தக் குழந்தைக்கு இன்று மூன்று பிள்ளைகள். சவிரி மாமா பின்னொரு நாள் கடலில் போனார், அது போர் அல்ல. மண்ணெண்ணெய் ஒரு கலன். செருப்பு ஒரு சோடி. என் அண்ணை அருளப்பு, வயது இருபத்தாறு. முதலில் கட்டியது, நான். அவிழ்த்தது மூன்று தரம், நான்.

இதைக் கொப்பியில் எழுதி முடித்துக் குசினி மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் அள்ளப் போனேன். திரும்பி வந்தபோது மச்சாள் அடுப்படியில் நின்றாள். கடைசி வரியில் ஒரு சொல் வெட்டப்பட்டிருந்தது. அவளுடைய கோணல் எழுத்து.

அவிழ்த்தது மூன்று தரம், நாங்கள்.