திரும்பிப் போகிறவன்

உங்கள் மின்விசிறிக்கு யாரையாவது விட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகுகிறது. மற்றவர்கள் காதில் அது விழாது, எனக்கு அதைத் தவிர வேறெதுவும் விழவில்லை. தொழில் அப்படி. இருக்கட்டும், நிறுத்தினால் புழுங்கும். தேநீருக்கு நன்றி. ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன், பாதியிலிருந்து சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

நான் கேம் எழுதுகிறவன். கேமை விளையாடத்தானே செய்வார்கள், எழுதுவார்களா என்று என் அம்மா இன்றுவரை கேட்கிறாள். எழுதுவார்கள். எங்களுடையது உயிர் பிழைக்கும் வகை. பாழடைந்த ஒரு கட்டடம், உள்ளே மாட்டிக்கொண்ட சில பேர், அவர்களைத் தேடி அலையும் ஏதோ ஒன்று. துப்பாக்கி கிடைத்தால் குண்டு கிடைக்காது, டார்ச் கிடைத்தால் பேட்டரி தீர்ந்திருக்கும். விளையாடுகிறவர் அவர்களில் எத்தனை பேரை முடியுமோ அத்தனை பேரை வெளியே கொண்டுவர வேண்டும்.

இந்த மாதிரிக் கதைகளில் வருகிற ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன் முதலில் போய்ச் சேருவான். மார்தட்டுகிறவன் அடுத்து. ஓடுகிற பெண் சமதரையில்கூட இடறி விழுவாள். வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒரு மருத்துவர் சாந்தமாகவே பேசுவார், கடைசியில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம். அரைத்த மாவையே அரைக்கும் இந்த வேலை எனக்குப் பிடிக்காது. நான் தெரிந்த மனிதர்களை வைத்துத்தான் எழுதுவேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பலமும் ஒரு பலவீனமும் கொடுப்பேன். ஆனால் அவரைச் சாகடிப்பது பலவீனமாக இருக்கக் கூடாது, பலமாக இருக்க வேண்டும். அதுதான் என் பாணி. அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இந்தக் கேமில் ஓர் அண்ணனும் தம்பியும் வருகிறார்கள். தம்பி திரும்பிப் போகிறவன். வாசல் வரை வந்த பிறகும் உள்ளே யாராவது கூப்பிட்டால் திரும்பிப் போய்விடுவான். அவனுடைய பலவீனம் மூச்சு. அண்ணன் ஓடிவிடுகிறவன். யாரை வைத்து எழுதினேன் என்று ஊகிக்க உங்களுக்கு அதிக நேரம் ஆகாது.

சிறு வயதில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்தது. நான் பின்வாசல் வழியாக வெளியே ஓடிவிட்டேன். எந்தக் குழந்தையும் ஓடத்தான் செய்யும். தம்பியை அம்மா முன்வாசல் வழியாகத் தூக்கி வந்துவிட்டாள். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன் என்று நினைத்து அவன் அவள் இடுப்பிலிருந்து நழுவி உள்ளே போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரர் கம்பளியைப் போர்த்தி அவனை இழுத்து வந்தார். அன்று உள்ளே போன புகை அவன் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. இழுப்பு வந்தால் அவன் மார்புக்குள் ஒரு விசில் கேட்கும். பக்கத்துப் படுக்கையில் அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அம்மா இந்தக் கதையைச் சொல்வாள். சின்னவன் எப்படி உள்ளே போனான் என்பதை மட்டும் சொல்வாள், பெரியவன் எங்கே இருந்தான் என்பதைச் சொல்ல மாட்டாள். அந்த நாகரிகத்துக்காக நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

என் தம்பியை எனக்கு மிகவும் பிடிக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வேலை சரியாக அமையாமல் இருந்தபோது கேமில் அந்தத் தம்பிக்குக் குரல் கொடுக்க அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

கேம் பாதி தயாரானதும் வெளியாட்களை அழைத்து விளையாடவிட்டோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் உட்கார்ந்து பார்ப்போம். கல்லூரிப் பையன் ஒருவன் தம்பி திரும்பிப் போகும் இடத்தில் விளையாட்டையே நிறுத்திவிட்டான்.

"வெளிய போற கதவு கண்ணு முன்னாடி இருக்கு. உள்ள அது இருக்குன்னும் தெரியும். எவனாச்சும் திரும்பிப் போவானா? லூசா அவன்?" என்றான்.

அடுத்து வந்த பெண்ணும் ஏறக்குறைய அதையே சொன்னாள். "இந்தத் தம்பி ரொம்ப செயற்கையா இருக்கான். ஆனா அண்ணன் சூப்பர். ஓடிப் போயிட்டு வெளிய நின்னு அழறான் பாருங்க, அப்படியே நிஜம். எங்க சித்தப்பாவைப் பார்த்த மாதிரியே இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அண்ணனைப் பிடித்திருந்தது, ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. தம்பியை ஒருவரும் நம்பவில்லை.

முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தத் தம்பியை எடுத்துடுங்க. இல்லன்னா கொஞ்சம் சுயநலமா மாத்திடுங்க. ஜனங்க நம்பணும்ல" என்றார். பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். குரலில்தான் கோளாறு, எழுத்தில் இல்லை, நல்ல குரல் கிடைத்தால் நம்புவார்கள் என்றேன். ஒரு வாரம் தருவதாகச் சொன்னார்.

தம்பியிடம் சொன்னபோது அவன் தோளைக் குலுக்கினான். "எடுத்துடுண்ணா. என்னால உனக்கு ஏன் தலைவலி? நான் வேற வேலை பார்த்துக்கிறேன்." அவன் அதைச் சொன்ன விதம்தான் எனக்கு ஆகவில்லை. அவனைப் பொய் என்று சொல்கிறார்கள், அவனுக்குக் கோபமே வரவில்லை. எதையும் விட்டுக்கொடுத்துவிடுவான். விட்டுக்கொடுக்கிறவர்களோடு கூட வாழ்வது எவ்வளவு சிரமம் என்பதை யாரும் எழுதுவதில்லை. அவனுக்காகவும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது. அவன் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒலிப்பதிவு செய்த இடம் உங்களுக்குத் தெரியும், மூடிக்கிடக்கும் பழைய ஐஸ் தொழிற்சாலை. எதிரொலி நன்றாக இருக்கும் என்று வாடகைக்கு எடுத்தோம். கடைசியில் ஒரு குளிர் அறை. சுவரின் பலகைகள் பெயர்ந்து உள்ளே அடைத்த மரத்தூள் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கும். கனமான கதவு, சாத்தினாலே தாழ்ப்பாள் விழுந்துவிடும், திறப்பது வெளிப்பக்கம் மட்டும்தான். அந்த அறைக்குள் தம்பி கால் வைக்கக் கூடாது, தூசி அவனுக்கு ஆகாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னவன் நான். விசாரித்துப் பாருங்கள்.

வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தோம். 'ஒலிப்பதிவு நடக்கிறது. அலறல் கேட்டால் பயப்பட வேண்டாம்.' அதற்கும் காரணம் உண்டு. முதல் நாள் நாங்கள் அலறலைப் பதிவு செய்தபோது எதிரே டயர்க் கடையிலிருந்து நாலைந்து பேர் இரும்புக் கம்பியோடு ஓடிவந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டுப் போனார்கள். பலகை மாட்டிய பிறகு யாரும் தலையைத் திருப்பக்கூட இல்லை. காவலாளி எங்களுக்கு மார்க் போடவே ஆரம்பித்துவிட்டார். "இன்னைக்குக் கத்தினது சப்புன்னு இருக்கு சார். நேத்து அந்தம்மா கத்துச்சே, அது கத்தல்" என்பார்.

வேறு தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது வராது. உதவிக்குக் கூப்பிடும் குரலைக் கேட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று யோசிக்க ஒரு தெருவையே பழக்கி வைத்திருந்தோம்.

பதிவெல்லாம் முடிந்து சாமான்களை ஏற்றுகிற நாள் அது. மத்தியானம். ஒலிப்பதிவாளர் சாப்பிடப் போயிருந்தார். அவரை நாங்கள் 'காது' என்று கூப்பிடுவோம், தூரத்தில் ஊசி விழுந்தாலும் எந்த அளவு ஊசி என்று சொல்வார். தம்பியைப் பெட்டி தூக்க வரச் சொல்லியிருந்தேன். கழற்றி வைத்த பலகையை மறுபடியும் வாசலில் மாட்டினேன். குளிர் அறைக்குள் ஒரு மைக்கை வைத்தேன், மூலையில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அதில் என் குரல். என்ன சொன்னேன் என்பது பெரிய விஷயமில்லை. கால் மாட்டிக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை, அந்த மாதிரி. கேமில் உள்ளே மாட்டிக்கொண்டவன் தம்பியைக் கூப்பிடுகிற வசனம்தான். தனியாக எதுவும் எழுதவில்லை.

அவன் போவானா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். போனால் அந்தப் பையனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் முதலாளியம்மாவுக்கும் பதில் கிடைத்துவிடும்.

அவன் பையை வாசல் பக்கத்து மேஜையில் வைத்தான். இழுப்பு வந்தால் உறிஞ்சுகிற மருந்துக் குழல் எப்போதும் அந்தப் பையில்தான் இருக்கும். நான் குளிர் அறைக் கதவை ஒட்டி ஒரு பீப்பாய்க்குப் பின்னால் ஹெட்போனோடு நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் என் குரல் வந்ததும் அவன் யோசிக்கவே இல்லை. "அண்ணா" என்று ஒரே கூப்பாடு, ஒரே ஓட்டம். பையை எடுக்கத் தோன்றவில்லை அவனுக்கு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் எழுதியது சரியாகத்தான் இருந்தது.

கதவைச் சாத்தினேன். கேமில் அந்த இடத்தில் கதவு சாத்திக்கொள்ளும்.

அவன் சீக்கிரமே ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டான். ஹெட்போனில் அவன் சிரிப்பது கேட்டது. "ஓ, பதிவா? சொல்லிட்டுச் செய்யக் கூடாதாண்ணா, உசுரே போயிடுச்சு. சரி, எடுத்துக்கோ" என்றான். பிறகு நடிக்க ஆரம்பித்தான். கதவைத் தட்டினான், கத்தினான், என்னைத் தேடுவது போல மரத்தூளில் அளைந்தான். நன்றாகவே செய்தான். எனக்காக மெனக்கெட்டுச் செய்தான். தூசி கிளம்பியது.

எந்த இடத்தில் நடிப்பு நின்றது என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்வது கஷ்டம். இருமல் வந்தது, இருமலை அவன் நன்றாக நடிப்பான். எங்களிடம் ஓர் ஏற்பாடு உண்டு. கத்துகிற காட்சியில் காப்பாற்று, நிறுத்து என்பதெல்லாம் வசனத்திலேயே வரும் என்பதால், நிஜமாகவே ஆபத்து என்றால் நடிக்கிறவர் தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கணமே எல்லாவற்றையும் நிறுத்துவோம். அவன் சொன்னான். முழுப் பெயரையும், பள்ளிக்கூடத்தில் வருகைக்குச் சொல்வது போல. தெளிவாகக் கேட்டது. அந்த நேரத்தில் ஒருவன் தன் பெயரைச் சொன்னால் எவ்வளவு உருக்கமாக இருக்கிறது, இது ஏன் நமக்கு முன்பே தோன்றவில்லை என்று நினைத்தேன். பிறகு அந்த விசில் ஆரம்பித்தது.

டயர்க் கடைக்குக் கேட்டிருக்கிறது. காவலாளி அவர்களிடம், "இன்னைக்குப் பிரமாதம்" என்று சொன்னாராம். அவர் மேல் தப்பில்லை, அந்த மனிதரை விட்டுவிடுங்கள். சாட்சி சொல்ல வந்த அன்று வராந்தாவில் உட்கார்ந்து அழுதார், பார்த்தேன்.

புதிய குரலோடு மறுபடி விளையாடவிட்டோம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதே கல்லூரிப் பையன் அந்த இடம் வந்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தான். முதலாளியம்மா, "இவன்தான் இந்தக் கேமே" என்றார். செத்துப்போன தம்பியின் பழைய பதிவிலிருந்து எடுத்தது என்று சொல்லியிருந்தேன், அதனால் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். காது மட்டும் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நான் எடுத்த பதிவு இல்ல. இது நடிப்பும் இல்ல" என்றார். அவர்தான் உங்களிடம் வந்திருப்பார். நல்ல தொழில்காரர்.

பதிவில் ஓர் இடம் வெட்டப்பட்டிருப்பதாகவும் அவர் சொல்லியிருப்பார். உண்மைதான், நான் வெட்டினேன். இப்போது உங்களுக்கு வேண்டியது அதுதான் என்று தெரிகிறது. அந்த இடத்தில் அவன் கதவோடு வாயை வைத்துப் பேசினான். மூச்சு ஒத்துழைக்காததால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"அண்ணா, நீ அங்கதான் இருக்கே. எனக்குத் தெரியுது. அம்மாகிட்ட கதவு தானா சாத்திக்கிச்சுன்னு சொல்லிடு. நான் சொல்லாம உள்ள போயிட்டேன்னு சொல்லு. உன்னை ஏதும் கேட்க மாட்டாங்க."

கேமுக்கு அது உதவாது. சாகப்போகிறவன் தன்னைப் பூட்டியவனுக்குத் தப்பிக்க வழி சொல்லிக் கொடுக்கிறான் என்றால் எவன் நம்புவான். முதல் தடவை நீங்கள் என்னை விசாரித்தபோது கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று சொன்னேன் அல்லவா, எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான் என்று நினைத்திருப்பீர்கள். நான் யோசிக்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அதைச் சொன்ன பிறகும் அவனுக்கு வெகுநேரம் மூச்சு இருந்தது. தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் ஒலி அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.