தாழ்தெருவின் நீரளவைத் திருத்திய எங்கள் டேப்பு அக்காவுக்கு

நீர்மட்டம் அளந்த நேர்மையே! நாற்பது கிணறுகளின் வழியே நிலத்தின் நாடி பார்த்த நுண்மதியே! நிலத்தடி நீர் ஆய்வகத்தில் முப்பத்தோராண்டுப் பணி முடித்து, இன்று மாலை ஐந்து மணிக்கு விடைபெறும் எங்கள் டேப்பு அக்கா அவர்களே!

எங்கள் ஒன்பது பேருக்காகவும் இதை வாசிக்கும் ஓட்டுநர் அண்ணன் தாளை விட்டுத் தலை தூக்க மாட்டார். இயக்குநர் முன்வரிசையில் அமர்ந்திருப்பது ஒரு காரணம். மற்றொன்றை முடிவில் தாங்களே அறிவீர்கள்.

அளவு நாடாவைக் கிணற்றில் இறக்கும்போது யாராவது வாய் திறந்தால், "சும்மா இருங்கப்பா, தண்ணி தொடற சத்தம் கேக்கணும்! இல்லேன்னா ஆளுக்கொரு கிணத்துல தள்ளிடுவேன்" என்று மிரட்டுவீர்கள். வெயிலில் நாங்கள் சுருண்டால் தங்கள் தண்ணீர்க் குப்பியை நீட்டுவதும் அதே கைதான். அந்த மிரட்டலுக்கு நாங்கள் பயந்ததே இல்லை.

சென்ற மாதம்தான் பயந்தோம்.

புதிய நீர்த்தேக்கம் நிரம்பினால் அதன் கீழுள்ள தாழ்தெருவில் நிலத்தடி நீர் எவ்வளவு ஏறும் என்று ஆராய்ந்தோம். தரைக்கு ஓரடி கீழே நின்றுவிடும், வீடுகளுக்கு ஆபத்தில்லை என்று அறிக்கையும் அனுப்பினோம். பிறகு தாங்கள் விடைபெறப் போன இடத்தில் அந்தத் தெருத் தையல்காரி சிரித்தாளாம்: "என்னக்கா, கிணத்துச் சுவத்துல சாஞ்சு எட்டிப் பாப்பீங்களே, இப்ப எட்டலையா? போன வருஷமே ஒன்றரை அடி தூக்கிக் கட்டிட்டோம். தெரு பூரா அப்படித்தான்!"

கிணற்றுச் சுவரின் உச்சியிலிருந்து தண்ணீர் வரை அளந்து, சுவரின் உயரத்தைக் கழிப்பது நம் வேலைமுறை. இம்முறை நாடா பிடித்த நாங்கள், சுவரை அளக்கச் சோம்பி, பழைய பட்டியலில் இருந்த உயரத்தையே கழித்துவிட்டோம். ஆக, தண்ணீர் நாங்கள் எழுதியதைவிட ஒன்றரை அடி மேலே இருந்தது. நீர்த்தேக்கம் நிரம்பினால், எழுபது வீடுகளில் தரையைப் பிளந்துகொண்டு அரையடித் தண்ணீர் நிற்கும்.

இயக்குநர் அறையில் அன்று நடந்ததைக் கதவருகே நின்று கேட்டோம். "அறிக்கை போயாச்சும்மா. ஒரு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தா நிம்மதியா ஓய்வு. கிளறினா விசாரணைதான்" என்றார் அவர்.

"எனக்கு ஓய்வு சார். தண்ணிக்கு ஏது?" என்றீர்கள் தாங்கள்.

வெளியே வந்து எங்களைப் பார்த்தீர்கள். நாங்கள் தரையைப் பார்த்தோம். எங்கள் பெயர் எதையும் சொல்லாமல், தவறு முழுவதும் தங்களுடையதே என்று எழுதி, ஒரே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டுத் திருத்திய அறிக்கையைத் தயாரித்தீர்கள்.

அக்கா! நல்ல உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழ்க! விசாரணையும் நெடுங்காலம் நடக்கும் என்கிறார்கள். நீர்த்தேக்க வேலை நிற்குமா, எங்கள் வேலை நிலைக்குமா, தெரியாது. பயம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டோம். ஆனாலும் ஐந்து மணிக்குள் கையெழுத்திடத் தங்கள் மேசையிலுள்ள அறிக்கையை எடுக்கும்போது கோபிக்க வேண்டாம். ஒரு கையெழுத்துக்குத் தாங்கள் விட்டிருந்த இடத்தில் இன்று காலை நாங்கள் ஒன்பது கையெழுத்தையும் நெருக்கியடித்துப் போட்டுவிட்டோம். மேலே தங்களுக்கு ஒரு வரி மட்டும் மிச்சம் இருக்கிறது.

நடுக்கத்துடன்,
நாடா பிடித்த ஒன்பது பேர்